"ஆஸ்பத்திரியிலேயே உங்கள் பெயரில் சான்றிதழ்" என்று ஆசை காட்டினால்…

கேள்வி: எனக்கு 44 வயது, மனைவிக்கு 39. திருமணமாகிப் பதினொரு வருடம் ஆகிறது. சிகிச்சைகளை நிறுத்திவிட்டுத் தத்தெடுக்கலாம் என்று முடிவு செய்தோம். இணையத்தில் தேடினால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அரசு வழியில் போனால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். ஃபேஸ்புக்கில் அறிமுகமான ஒரு பெண், பிறந்து சில நாளே ஆன குழந்தையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். நான்கு லட்சம் கொடுத்தால் எங்கள் பெயரிலேயே பிறப்புச் சான்றிதழ் வந்துவிடும், வேண்டுமானால் தத்துப் பத்திரமும் பதிவு செய்யலாம் என்கிறார். யாரை நம்புவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அந்தப் பெண்ணுக்கு இனி ஒரு வரி கூடப் பதில் எழுதாதீர்கள். ஆனால் இதுவரை நடந்த உரையாடலை அழித்துவிடவும் வேண்டாம். அந்தப் படத்தில் இருப்பது நிஜக் குழந்தையாக இருக்கலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைத்துத் தகவல் சொல்லிவிடுங்கள்.

அவர் அனுப்பிய படமே உங்கள் கேள்விக்குப் பாதி பதில். தத்துக்கு வரக்கூடிய நிலையில் உள்ள குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை, 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடை செய்கிறது. அதனால் குழந்தைப் படம் போட்டு "தத்துக்குத் தயார்" என்று எந்தப் பக்கம் கூவினாலும், அங்கே அதற்கு மேல் படிக்க ஒன்றும் இல்லை. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது, பெற்றோரை இழந்த குழந்தைகள் என்று இப்படித்தான் செய்திகள் பறந்தன. சட்டவிரோதத் தத்துகளைத் தடுக்கும்படி உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது.

அடுத்து, அந்த நான்கு லட்சம். அது தத்துக் கட்டணம் இல்லை, விலை. குழந்தையை விற்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் குற்றவாளிதான் என்கிறது 81-ஆவது பிரிவு. ஐந்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் அபராதம். மருத்துவமனை ஆட்கள் உடந்தை என்றால் அவர்களுக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு. 2019-ல் ராசிபுரத்தில் வெடித்த குழந்தை விற்பனை விவகாரம் உங்களுக்கு நினைவிருக்கலாம். அதுவும் ஒரு வாட்ஸ்அப் ஆடியோவில்தான் வெளியே வந்தது.

தண்டனையை விடுங்கள், குழந்தையின் நிலையை யோசியுங்கள். உங்களுக்குப் பிறந்ததாகச் சான்றிதழ் சொல்லும், மரபணுச் சோதனை இல்லை என்று சொல்லும். பத்து வருடம் கழித்து ஒரு பங்காளி சொத்து வழக்கு போட்டால் போதும், அந்தப் பிள்ளைக்கு உங்கள் வீட்டில் சட்டப்படி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்றாகிவிடும்.

தத்துப் பத்திரம் என்கிறாரே, அது? 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டப்படி செய்வது. அண்ணன் தம்பி வீட்டுக் குழந்தையை, பெற்றவர்களே மனமுவந்து கொடுக்க, நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்கள் என்றால் அது நல்ல வழி. ஆனால் கொடுக்கும் உரிமை பெற்றவர்களுக்குத்தான். இல்லையென்றால் நீதிமன்ற அனுமதி பெற்ற பாதுகாவலருக்கு. தரகருக்குக் கிடையாது. தத்துக்காகப் பணம் கைமாறுவதை இந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவும் தண்டிக்கிறது. பத்திரம் பதிவாகிவிட்டால் எல்லாம் சரி என்று நம்பி என்னிடம் வருகிறவர்கள் உண்டு. பதிவான பத்திரம் செல்லும் என்று நீதிமன்றம் அனுமானிக்கும், உண்மைதான். ஆனால் பொய் என்று நிரூபித்தால் அந்த அனுமானம் போய்விடும். கையெழுத்துப் போட்டது பெற்ற தாயே இல்லை என்று தெரிந்த பிறகு அந்தப் பத்திரத்தில் என்ன மிஞ்சும்?

சரி, நம்பக்கூடிய இடம் எது? உறவில் இல்லாத குழந்தைக்கு ஒரே வாசல்தான்: காரா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளம். மத்திய பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகத்தின் கீழ் வருவது. முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கீகரிக்கப்பட்ட தத்து நிறுவனங்களின் பட்டியல், 2022-ஆம் ஆண்டு தத்தெடுப்பு விதிமுறைகள், கட்டண விவரம் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. எந்த நிறுவனம் உங்களிடம் பேசினாலும் முதலில் அந்தப் பட்டியலில் அதன் பெயரைத் தேடுங்கள். விதித்த கட்டணத்துக்கு மேல் 'நன்கொடை' கேட்டால் கொடுக்காதீர்கள். எந்த மதத்தவரும் இந்த வழியில் தத்தெடுக்கலாம். 2014-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது வயதுக் கணக்கு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் தம்பதியின் வயதைக் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. உங்களுக்கு இப்போது 83. வருடத்துக்கு ஒன்றல்ல, இரண்டு கூடுகிறது என்பதை மறக்க வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு 90, நான்கிலிருந்து எட்டு வரை 100. ஆகவே யோசித்துக்கொண்டே இன்னொரு வருடத்தைக் கடத்தாதீர்கள். கைக்குழந்தைதான் வேண்டுமா என்பதையும் நீங்கள் இருவரும் மனம்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். மூன்று வயதுப் பிள்ளையும் உங்களை அம்மா அப்பா என்றுதான் கூப்பிடும்.

பதிவு செய்து ஆவணங்களை ஏற்றிய பிறகு சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து ஆய்வு செய்வார். பயப்பட ஒன்றுமில்லை, சோபா புதிதா என்று பார்க்க வருவதில்லை. அவர் தரும் அறிக்கை மூன்று ஆண்டு செல்லும். அப்புறம் காத்திருப்பு. நீண்டதுதான், மறுக்கவில்லை. உங்கள் முறை வந்ததும் குழந்தையின் விவரம் தளத்தில் தெரியும். 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், அதனால் பதிவு செய்த கைப்பேசி எண்ணை மாற்றிவிடாதீர்கள். 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதில் மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். அந்த ஆணை வந்தபின் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் என்று உங்கள் பெயர்தான் இருக்கும். அந்தப் பெண் நான்கு லட்சத்துக்கு விற்கப் பார்த்த அதே காகிதம், யாரும் கேள்வி கேட்க முடியாத வடிவில்.

தத்தெடுத்த பெற்றோர் நடத்தும் குழுக்கள் இணையத்தில் நிறைய. குழந்தைக்கு எப்போது உண்மையைச் சொல்வது, உறவினரின் வாயை எப்படிச் சமாளிப்பது என்பதற்கெல்லாம் வக்கீலைவிட அவர்கள் நன்றாகப் பதில் சொல்வார்கள். ஆனால் அங்கே யாராவது தனிச் செய்தியில் "எனக்குத் தெரிந்த ஒரு குழந்தை இருக்கிறது" என்று தொடங்கினால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

கணினியில் பதிவு செய்யத் தடுமாற்றம் என்றால் உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். பான் அட்டை, வருமானச் சான்று, திருமணச் சான்று, மருத்துவச் சான்று, இருவரும் சேர்ந்திருக்கும் ஒரு புகைப்படம் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இந்த வாரமே.