பயணக் கேள்வி பதில்: குவாதலூப்பிலும் ஒரு தண்ணீர்மலை

கேள்வி: மகள் பாரிசில் வேலை செய்கிறாள். டிசம்பரில் எங்களைக் கரீபியன் பக்கம் பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப் தீவுக்கு அழைத்துப் போகிறாளாம். தங்கப்போவது காபெஸ்தேர்-பெல்-ஓ என்ற கடற்கரை ஊர். எனக்கு வயது 63, வீட்டுக்காரருக்கு 67. பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறும் தெம்பு இருவருக்கும் இருக்கிறது. அங்கே என்ன பார்க்கலாம்? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: அக்கா, கொடுத்து வைத்தவர் நீங்கள். என் சின்னம்மா மகள் பாண்டிச்சேரிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுப் பாரிசில் இருக்கிறாள். அவளோடு அந்த ஊரில் பத்து நாள் தங்கினேன். கோலாலம்பூர் திரும்பிய பிறகும் பல நாள் அதே பேச்சாகத்தான் இருந்தேன்.

பெல்-ஓ என்றால் அழகான தண்ணீர். பெயருக்கு ஏற்ற மாதிரி, ஊருக்கு மேலே மலையில் கார்பே அருவி இருக்கிறது. மூன்று அருவிகளுக்கும் சேர்த்து அதுதான் பெயர். உங்களுக்கு ஏற்றது இரண்டாவது, 110 மீட்டர் உயரம். வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து சாலை ஏறும். வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து காட்டுக்குள் 20 நிமிட நடை. தண்ணீர்மலையின் 513 படியை ஏறுகிறவர்களுக்கு இது சிரமமே இல்லை. முதல் அருவி 115 மீட்டர். ஆனால் வழி நெடுக வேரும் சேறுமாக இருக்கும், போகவே ஒன்றரை மணி நேரம் ஆகும். அதை மகளுக்கு விட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: காலையிலேயே போய்விடுங்கள். முதல் நாள் நாங்கள் சாவகாசமாகக் கிளம்பி, போய்ச் சேரும்போது மணி பதினொன்று. கண்ணுக்கு எதிரே வெறும் வெள்ளை. அருவி விழும் சத்தம் நெஞ்சுக்குள் அதிர்கிறது, அருவியை மட்டும் காணோம். அட்லாண்டிக் காற்று கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து மலையில் மோதுவதால் வெயில் ஏற ஏற மேகம் திரண்டுவிடுகிறது. மறுநாள் ஏழரைக்கே போய் நின்றோம். உச்சி முதல் அடிவரை தெளிவாகத் தெரிந்தது. பாதிக்கு மேல் தண்ணீர் கயிறாக இறங்கியது. அதற்குக் கீழே காற்று அதைப் பிரித்துப் பிரித்துத் தூவியது. என் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாளவில்லை.

இறங்கி வந்ததும் சாங்கி கோயிலுக்குப் போங்கள். பெரிய சாலையை ஒட்டியே இருக்கிறது, வண்ணச் சிலைகள் தூரத்திலேயே தெரியும். உள்ளே இருப்பவள் நம் மாரியம்மன். அந்த ஊர்க்காரர்கள் வாயில் அவள் ‘மாலியேமின்’. 1854 கிறிஸ்துமஸ் சமயத்தில் முதல் கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது. 1889 வரை இந்தியாவிலிருந்து 42,000 பேருக்கு மேல் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். நம் தோட்டத்துக் கோயிலில் நிற்கும் அதே நினைப்பில் நான் அங்கே நின்றேன்.

மாலையில் துமனுவார் சாலையில் நடங்கள். இரண்டு பக்கமும் உயர்ந்த அரசப் பனைகள், ஒரு கிலோமீட்டருக்கும் மேல்.

கேள்வி: அங்கே தமிழ் பேசுவார்களா? (அதே வாசகி)

பதில்: பிரெஞ்சும், அதிலிருந்து பிறந்த கிரியோல் என்ற உள்ளூர் மொழியும்தான் பேசுகிறார்கள். ஆனால் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பாட்டி பாகற்காயைக் கூறு கட்டி வைத்திருந்தார். ஒன்றை நான் கையில் எடுத்ததும் ‘பரோக்கா’ என்றார். நான் ‘பாவக்காய்’ என்றேன். அவர் மறுபடி ‘பரோக்கா’ என்றார், நான் மறுபடி ‘பாவக்காய்’. நான்கு தடவை ஆனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. அவர் விற்ற மசாலாத் தூளுக்கு அங்கே ‘கொலொம்போ’ என்று பெயர். கொத்தமல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம் எல்லாம் கலந்த நம் கறித்தூள் வாசனைதான். அரைக் கிலோ வாங்கி வந்தேன்.

ஆன்றி சிதம்பரோம் என்ற பெயரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காபெஸ்தேரில் பிறந்தவர். இந்தியர்களின் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று 1904-ல் வழக்கில் இறங்கினார். 1923-ல்தான் முடிவு கிடைத்தது. இதைக் கேட்டபோது, இங்கே குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு காலத்தை ஓட்டிய என் பாட்டிதான் கண்முன் வந்தார்.

கேள்வி: நாங்களும் குவாதலூப் போகிறோம். பிள்ளைகள் குளிக்கவும் மீன் பார்க்கவும் எந்தக் கடற்கரை நல்லது? (வாசகர், கிள்ளான்)

பதில்: காபெஸ்தேர் இருப்பது அட்லாண்டிக்கைப் பார்த்த பக்கம், அலை முரட்டுத்தனமானது. பிள்ளைகளை மேற்கே புய்யாந்த் ஊரின் மலாந்தூர் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். மணல் கறுப்பு, எரிமலை தந்தது. முகமூடி போட்டுத் தலையைத் தண்ணீருக்குள் விட்டாலே மீன் தெரியும். கடலாமை புல் மேய்வதையும் பார்க்கலாம். எதிரே பிஜோன் குட்டித் தீவுகள்; கண்ணாடி அடிப்பாகம் உள்ள படகில் சுற்றிக் காட்டுகிறார்கள். தீவின் குறுக்கே, தேசியப் பூங்காவுக்குள் போகும் சாலையைப் பிடியுங்கள். வழியில் எக்ரவீஸ் என்ற சிறிய அருவி ஐந்து நிமிட நடையில் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கடற்கரைகளில் மான்செனிலியே என்று ஒரு மரம் நிற்கும். காய் பச்சை ஆப்பிள் மாதிரி அழகாக இருக்கும், அத்தனையும் விஷம். பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழைக்குக்கூட அதன் அடியில் ஒதுங்கக் கூடாது, இலையில் வழியும் தண்ணீரே சுடும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள். பட்டை இல்லாத மரமும் இருக்கலாம். எனவே எந்தக் காயையும் தொட விடாதீர்கள்.

கேள்வி: அங்கே எரிமலை ஏறலாமா? (வாசகர், செந்தூல்)

பதில்: ஏறலாம் தம்பி. சுஃப்ரியேர் 1,467 மீட்டர். நம் பினாங்குக் கொடிமலை 833 தான். உச்சியில் இன்னும் கந்தகப் புகை வருகிறது. 1976-ல் அது குமுறியபோது 70,000 பேருக்கு மேல் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. அதனால் பாதை திறந்திருக்கிறதா என்று அன்றைக்குக் காலையில் கேட்டுவிட்டுப் போ. மழைச்சட்டை கட்டாயம். இறங்கியதும் அடிவாரத்தில் பெய்ன் ஜோன் வெந்நீர்க் குளத்தில் காலை வைத்து உட்கார், வலி போய்விடும்.

கேள்வி: அங்கிருந்து வீட்டுக்குப் போன் பேச எது நல்ல நேரம்? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: குவாதலூப் நமக்குச் சரியாக 12 மணி நேரம் பின்னால், அக்கா. அம்மா இங்கே காலை எட்டு மணிக்குக் காப்பி குடிக்கும்போது அங்கே எனக்கு முதல் நாள் இரவுச் சாப்பாட்டு வேளை. தினமும் அப்போதுதான் பேசினோம். முள் வைத்த கைக்கடிகாரம் என்றால் நேரம் மாற்றவே வேண்டாம்.