வாசகர் கேள்வி – பதில்: செவ்வாயிலிருந்து ஒரு பதில்

கேள்வி: 2094-ஆம் ஆண்டில் நடப்பதாக, 300 சொற்களில் ஒரு கதை எழுதினேன். மகன் செவ்வாய்க் கோளில் வேலை பார்க்கிறான். அம்மா கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். இருவரும் பேசிக்கொள்ள உதவும் ‘விண்ணொலிப் பெட்டி’ இயங்கும் விதத்தை முதல் இரண்டு பத்திகளில் விளக்கியிருக்கிறேன். பிறகு, ஊருக்கு வருவது பற்றி இருவருக்கும் வாக்குவாதம், அம்மா இறந்துபோகிறார், ‘எத்தனை கருவிகள் வந்தாலும் தாயன்புக்கு ஈடாகுமா?’ என்று முடித்திருக்கிறேன். கதை மனத்தில் ஒட்டவில்லை என்கிறார்கள் படித்தவர்கள். 150 சொற்களுக்குள் எப்படித் திருத்துவது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கதையின் உயிர், நீங்கள் கவனிக்காமல் கடந்துபோன ஓரிடத்தில் இருக்கிறது. வாக்குவாதத்தில் அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே மகன் குறுக்கிட்டு மறுக்கிறான். அது நடக்க முடியாத காரியம். பூமியும் செவ்வாயும் மிக நெருங்கி வரும்போது இடைவெளி சுமார் 5.5 கோடி கிலோமீட்டர், மிக விலகும்போது சுமார் 40 கோடி கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் செல்லும் ரேடியோ அலைக்கே அதைக் கடக்க 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகிறது. ஆகவே ஒரு கேள்வி போய், அதற்குப் பதில் வந்து சேர முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். இதை வெறும் பிழையாகத் திருத்திவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்தக் காத்திருப்பையே கதையாக்குங்கள்.

“சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டுவிட்டு அம்மா உலை வைக்கிறார், சோறு வடிக்கிறார், கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து வந்து மடிக்கிறார், அதற்கப்புறம்தான் “ஆச்சும்மா, நீ சாப்பிட்டியா?” என்ற குரல் கேட்கிறது. உங்கள் முதல் இரண்டு பத்திகளின் வேலையை இந்த ஒரு வாக்கியமே முடித்துவிடுகிறது. அவற்றைத் தயங்காமல் அடித்துவிடலாம். ‘விண்ணொலிப் பெட்டி’ என்ற பெயரும் வேண்டாம். நாள்தோறும் கையாளும் பொருளை யாரும் தமக்குத்தாமே விளக்கிக்கொள்வதில்லை. அந்த அம்மாவுக்கு அது வெறும் போன்தான்.

முடிவுக்கும் இந்த இடைவெளியே போதும். அம்மா வழக்கம்போல் கேட்கிறார். பதில் வந்து சேரும் நேரத்தில் கூடத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி நிற்கிறார்கள், அவர்களுக்கு நடுவே “ஆச்சும்மா, நீ சாப்பிட்டியா?” என்று போன் கேட்கிறது. அங்கே நிறுத்திவிடுங்கள். இறந்துவிட்டார் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. தாயன்பு பற்றிய கடைசி வரி, வாசகர் தாமாக உணர்ந்துவிட்ட ஒன்றை அவர் கையிலிருந்து பிடுங்கி மறுபடியும் அவருக்கே கொடுப்பதாகிவிடும். நல்ல மிகக் குறுங்கதைகள் பலவற்றை நான் இந்த ஒரு வரியில் இழந்திருப்பதால் வற்புறுத்திச் சொல்கிறேன், அதை எடுத்துவிடுங்கள். வாக்குவாதமும் இனித் தேவைப்படாது.

திருத்தும்போது புதிதாக எதையாவது சேர்க்கும் ஆசை வரும். சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறை பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே சூரியன் வந்துவிடுவதால், அங்குள்ள விண்கலங்களுக்குக் கட்டளை அனுப்புவதை இப்போதும் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு நிறுத்திவைக்கிறார்கள். அந்த இரண்டு வார மௌனமும் அருமையான கருதான். ஆனால் அது வேறொரு கதைக்கு உரியது. 150 சொற்கள் ஒரேயொரு தடையைத்தான் தாங்கும்.

கேள்வி: கதையின் தொடக்கத்தில் ஆண்டைக் குறிப்பிடுவது அவசியமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: அந்த ஆண்டால் கதையில் ஏதாவது மாறுகிறதென்றால் குறிப்பிடுங்கள். மேலே உள்ள கதையில் 2094 என்பதை 2104 என்று மாற்றினாலும் ஒரு சொல்கூட அசையாது. மகன் செவ்வாயில் இருக்கிறான் என்பதே காலத்தைச் சொல்லிவிடுகிறது. பேரனின் வயதோ ஓர் ஒப்பந்தத்தின் கெடுவோ கதையை நடத்துமானால் மட்டும் ஆண்டு இருக்கட்டும், அதுவும் முதல் வரியில் வேண்டாம்.