புஷ்காஷுக்குக் கார் ஓட்டியவர்

அன்புள்ள ஐயா,

போன வாரம் ஏஞ்ச் போஸ்டெகோக்லூவைப் பெரிய கால்பந்துப் பயிற்சியாளர் என்று எழுதியிருந்தீர்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணி அவரை 39 நாளில் வீட்டுக்கு அனுப்பியதை மறந்துவிட்டீர்களா? அப்புறம், ஐந்து வயதில் கிரேக்கத்திலிருந்து ஆஸ்திரேலியா வந்தவர் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். பயிற்சி கொடுப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஒரு வாசகர், நாகர்கோவில்

அன்புள்ள நண்பருக்கு,

39 நாள் கணக்கு சரிதான். எட்டு ஆட்டம், ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. பூசி மெழுக ஒன்றுமில்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

1967இல் கிரேக்கத்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அவருடைய அப்பாவின் தொழில் போயிற்று. 1970இல் குடும்பம் கப்பலேறி மெல்போர்ன் வந்தது. ஊரும் புதிது, பாஷையும் புதிது. அப்பாவுக்கு நாளெல்லாம் வேலை. அவரும் மகனும் சேர்ந்து போகிற இடம் கிரேக்கக் குடியேறிகளின் கிளப்பான சவுத் மெல்போர்ன் ஹெல்லாஸின் மைதானம். அங்கே சுற்றிலும் கிரேக்கம்தான். பையன் அந்த அணிக்கே ஆடி, கேப்டனும் ஆனான்.

1989இல் அங்கே பயிற்சியாளராக வந்தவர் யார் தெரியுமா? ஹங்கேரியின் பெரிய ஆட்டக்காரர் ஃபெரென்க் புஷ்காஷ்! 1956இல் ஹங்கேரியில் புரட்சி நடந்த சமயத்தில் அந்நாட்டு ஹோன்வேட் அணியோடு வெளிநாட்டுக்கு ஆடப்போய், ஊர் திரும்பாமல் வெளியிலேயே தங்கிவிட்டவர். பிறகு ஏதென்ஸின் பனாதினைகோஸ் அணியை 1971இல் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். அதனால் கிரேக்கம் வரும், ஆங்கிலம்தான் தகராறு. போஸ்டெகோக்லூவுக்கு இரண்டும் வரும். ஆகவே பெரியவரைத் தன் பழைய காரில் ஏற்றி இறக்குவதும், அவர் சொல்வதை மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்வதும் இவர் பொறுப்பாயிற்று. 1954 உலகக் கோப்பை இறுதியில் கோல் போட்டவர், தொந்தியும் தானுமாகப் பக்கத்து சீட்டில்!

வெறும் ஆட்டக்காரனாக இருந்தால் கேட்டுக்கொண்டு போயிருக்கலாம். மொழிபெயர்க்கிறவனுக்கு அது முடியாது. எதிரணி எத்தனை போட்டாலும் நாம் ஒன்று கூடுதலாகப் போட வேண்டும் என்கிற பெரியவரின் கணக்கு தனக்குப் புரிந்தால்தானே அடுத்தவனுக்குச் சொல்ல முடியும்? பயிற்சியாளர் வேலையை அவர் கற்றது அங்கேதான் என்பேன். 1991இல் பெனால்டியில் ஆஸ்திரேலிய லீக் பட்டம் வந்தது. 27 வயதில் முழங்கால் காயத்தால் ஆட்டம் முடிந்தது.

பயிற்சியாளராகவும் அதே அணிக்கு இரண்டு பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் 2005இல் புதிய லீக் தொடங்கியபோது சவுத் மெல்போர்னுக்கு இடமில்லை. குடியேறிகள் வளர்த்த பல கிளப்புகளுக்கும் அதே கதி. எனக்கு இன்னும் ஆத்திரம்தான்.

மற்றது உங்களுக்கே தெரியும்: 2015இல் ஆஸ்திரேலியாவுக்கு ஆசியக் கோப்பை, 2019இல் யோகோஹாமாவில் ஜப்பான் லீக், அப்புறம் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணி. 2025 மே மாதம் லண்டனின் டாட்டன்ஹாம் அணிக்கு 17 வருடம் கழித்து ஒரு கோப்பை. பதினாறே நாளில் அங்கேயும் வேலை போயிற்று. அந்த இறுதி ஆட்டம் நடந்தது ஸ்பெயினின் பில்பாவோவில். 1956இல் ஹோன்வேட் ஆடப்போன அதே ஊர். ஆனால் அன்றைக்கு இவர் அணி ஒரு கோல் போட்டுவிட்டு, மிச்ச நேரம் முழுக்கக் கோட்டையைக் கட்டிக் காத்துக்கொண்டிருந்தது. பெரியவர் பக்கத்து சீட்டில் இருந்திருந்தால் வழியெல்லாம் கிரேக்கத்தில் திட்டு விழுந்திருக்கும்.