நாள் எடுத்தாயிற்று, படி எங்கே?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "8 பேர்ச் காணியில் பழைய வீட்டை இடித்துவிட்டு இரண்டு மாடி கட்டப்போகிறோம். தையில் அத்திவாரத்துக்கு நாள் எடுத்தாயிற்று. வரைபடம்தான் முடியவில்லை. 'தொடங்குவோம், மிச்சத்தைப் போகப்போகப் பார்க்கலாம்' என்கிறார் மேசன் பாஸ். தொடங்கலாமா?"

அம்மா, அந்த நாளில் பூசை செய்து கல்லை வையுங்கள். கிடங்கு வெட்டுவது மட்டும் மாநகர சபை அனுமதி கைக்கு வந்த பிறகு. அதற்கும் முன்னால் தெரு எல்லைச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். 30 அடி முகப்பில் வீதி அகலிப்புக்கு 5 அடி ஒதுக்கியிருந்தால் 150 சதுர அடி போய்விடும். அது அரைப் பேர்ச்சுக்கும் அதிகம் (ஒரு பேர்ச் ஏறத்தாழ 272 சதுர அடி). அதைத் தெரியாமல் கீறிய வரைபடத்தைத் திரும்பக் கீறத்தான் வேண்டும்.

பாஸ் சொல்வது டைல்ஸுக்கும் பெயின்ட்டுக்கும் பொருந்தும். அவற்றை வீடு எழும்பிய பிறகு, அறைக்குள் விழும் வெளிச்சத்தைப் பார்த்துத் தெரிவு செய்வதே நல்லது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களிலேயே 300ஐத் தாண்டிய பயத்தில் எல்லாவற்றையும் முதலே வாங்கி அடுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பியை அப்படி வாங்கினால் விளங்குகிறது, டைல்ஸுக்கு அவசரம் வேண்டாம்.

கொங்கிரீட்டுக்குள் புதைவதுதான் பிறகு கைக்கு எட்டாது. ஒரு வீட்டில் சிலாப் போட்ட பிறகு மேல்மாடிக் குளியலறையை இடம் மாற்றினார்கள். புதுக் குழாய்க்காக சிலாப்பை உடைத்தபோது கம்பி இரண்டு அறுந்தது. கீழே சாமியறை. அடுத்த மழைக்காலத்திலேயே அந்தக் கூரையில் ஈரம் படர்ந்ததை நான் போய்ப் பார்த்தேன். குளியலறைகள் ஒன்றின் மேல் ஒன்றாக வர வேண்டும் என்று வரைபடத்திலேயே முடிவெடுத்திருந்தால் ஒரு சதமும் கூடச் செலவாகியிராது.

படிக்கட்டும் அப்படித்தான். மேல்மாடியை வாடகைக்கு விடுவீர்களா, மகனுக்கா? வாடகைக்கென்றால் படி வெளியே வர வேண்டும், மின்மானியும் தனியாக வேண்டும். என்றோ மூன்றாம் மாடி எழும்பும் என்றால் அந்தப் பாரத்தை இன்றைக்கே தூணும் அத்திவாரமும் தாங்க வேண்டும். வெள்ளவத்தையில் கால்வாயை அண்டிய காணியென்றால் மண் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

தை, மாசியில் மழை குறைவு, கிடங்கு வெட்ட நல்ல காலம். தவறினால் வைகாசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும் என்ற உங்கள் பதற்றம் நியாயமானது. அதனால்தான் மேல்மாடி யாருக்கு என்று வீட்டில் எல்லோரையும் இருத்தி இந்தக் கிழமையே பேசுங்கள். வரைபடம் அதற்காகத்தான் காத்திருக்கிறது.