நரிவெங்காயமும் பனிமலை வெங்காயமும்

இமயமலையில் மட்டுமே வளரும் 'அல்லியம் நெகியானம்' என்ற காட்டு வெங்காயத்தைப் பற்றிப் போன வாரம் சொன்னேன். அதன்பேரில் வந்த கேள்விகள் இவை.

ஜமுனாமரத்தூர் போனபோது வெங்காயம் மாதிரியே ஒரு கிழங்கு கிடைத்தது சார். அதுதானா இது? குழம்பில் போடலாமா? (வேலூர்)

போட்டுவிடாதீர்கள்! நீங்கள் சொல்வது நரிவெங்காயமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பார்க்க வெங்காயம், குடும்பமே வேறு. இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு அதன் கிழங்கில் இருக்கிறது. கோடையில் இலையே இல்லாமல் பூத்தண்டு மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும், மழைக்கு அப்புறம்தான் இலை விடும். சாறு பட்டால் கை அரிக்கும், அதனால் வெறுங்கையால் நசுக்க வேண்டாம். வெங்காய வாசனை வராவிட்டால் அது வெங்காயம் இல்லை. வாசனை வந்தாலும், இன்னதென்று தெரியாத கிழங்கை வாயில் வைக்காதீர்கள்.

நெகியானத்தை எங்கே கண்டுபிடித்தார்கள்? (காட்பாடி)

உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், நிதிப் பள்ளத்தாக்கின் மலாரி கிராமத்துப் பக்கம், 2019-இல். புது இனம் என்று அறிவித்தது 2021-இல். வெங்காய வகைகளைத் தேடித் தேடிச் சேகரித்த குல்தீப் சிங் நெகியின் நினைவாகப் பெயர் வைத்தார்கள். புதுசு என்பதெல்லாம் அறிவியலுக்குத்தான். ஊர்க்காரர்கள் அதை எப்போதிருந்தோ சமையலில் சேர்க்கிறார்கள்.

எப்படிச் சமைப்பார்கள் ஐயா? (ஆம்பூர்)

காயவைத்துத் தாளிப்பில் போடுவார்கள் அம்மா. நாம் சின்ன வெங்காயத்தை இடித்து, உருட்டி, சித்திரை வெயிலில் காயவைத்த வடகத்தைக் கிள்ளிப் போடுவோமே, அந்த வேலையை அங்கே இது செய்கிறது. எனக்கென்னவோ நம் வடக வாசனைக்கு ஈடு இருக்கும் என்று தோன்றவில்லை. ஊர்ப்பாசம்தான், விடுங்கள்.

மாடியில் வளர்க்க விதை கிடைக்குமா அண்ணா? (குடியாத்தம்)

வேண்டாம் தம்பி. 3,000 முதல் 4,800 மீட்டர் உயரத்தில், பனி உருகி ஓடும் புல்வெளியிலும் ஓடையோர மணலிலும் வளர்கிற செடி அது. உருகும் பனிநீர்தான் விதையைக்கூட அடித்துக்கொண்டு போய்ப் பரப்புகிறது. நம் மே மாத மொட்டைமாடியில் என்ன செய்யும், பாவம்! இருக்கிற இடமே கொஞ்சம். தாளிக்கப் பறித்துப் பறித்தே அது குறைந்துவிடுமோ என்ற கவலையும் இருக்கிறது. நாமும் விதை கேட்டுக் கிளம்ப வேண்டாமே.

ஏலகிரி குளிர்ச்சியாச்சே, அங்கே? (திருப்பத்தூர்)

அது ஆயிரம் மீட்டர் சொச்சம்தான். இன்னும் இரண்டு ஏலகிரியைத் தூக்கி மேலே வைத்தால் யோசிக்கலாம்.