பெயர் எழுதாவிட்டால் போதுமா? பள்ளி மனநலக் கணக்கெடுப்பு பற்றிய கேள்வி பதில்

மாணவர்களின் மனநிலையை அறியப் பள்ளிகளில் நடக்கும் கணக்கெடுப்புகளோடு பல வருடப் பழக்கம் எனக்கு. வந்த கேள்விகளில் ஐந்துக்குப் பதில் இங்கே.

கேள்வி (வகுப்பாசிரியர்): கேள்விகளை நாங்களே எழுதிக்கொள்ளலாமா?

வேண்டாம் என்பேன். "மகிழ்ச்சியாக இருக்கிறாயா?" என்று நேரடியாகக் கேட்டால் பாதிப் பேர் "ஆமாம்" என்று டிக் போட்டுவிட்டுப் போவார்கள். அதற்குப் பதில், மனநலத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் தந்திருக்கும் டபிள்யூஹெச்ஓ-5 படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்தே வாக்கியங்கள்தான். அதில் ஒன்று, கடந்த இரண்டு வாரத்தில் தூங்கி எழும்போது புத்துணர்வாக இருந்ததா என்பது. பொய் சொல்லத் தோன்றாத கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டி 4ஆல் பெருக்கினால் 100க்கு எவ்வளவு என்று வரும். பெயரோடு வாங்கிய தாளில் 50க்கும் கீழே போனால் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டும். அதற்காக உடனே நோய் என்று முத்திரை குத்திவிடாதீர்கள்.

கேள்வி (மாணவி): பெயர் எழுதவில்லை, ஆனாலும் கண்டுபிடித்துவிடுவார்களா?

உன் சந்தேகம் நியாயமானது. "பெயர் வேண்டாம்" என்று மேலே எழுதி, கீழே வகுப்பு, பிரிவு, பிறந்த தேதி எல்லாம் கேட்ட தாள்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பெயரையே கேட்டிருக்கலாம்! நிரப்பிய தாளை வகுப்பாசிரியரே மேசையில் வாங்கி அடுக்கினால், கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் "3" என்று நேர்கோடாகச் சுழித்த பிள்ளைகள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மூடிய பெட்டியில் போடச் சொல்வது, ஐந்தாறு பேரே உள்ள குழுவின் முடிவைத் தனியாக வெளியிடாமல் இருப்பது, இவ்வளவாவது பள்ளி செய்ய வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: உண்மையிலேயே பெயர் தெரியாத தாளில் "எனக்கு உதவி வேண்டும்" என்று எழுதினால், யார் என்று தெரியாமல் யாரும் வர முடியாது. அதனால் யாரிடம் போய்ப் பேசலாம் என்பது அதே தாளின் அடியில் அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்கு.

கேள்வி (பெற்றோர்): தற்கொலை பற்றிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காதா?

எல்லாருக்கும் வரும் பயம்தான். நியூயார்க் மாநிலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இதைச் சோதித்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். கேட்கப்பட்டவர்களுக்கு அந்த எண்ணம் கூடவில்லை. ஆனால் அன்றைக்கே பதிலைப் படித்து, அன்றைக்கே பேச ஆலோசகர் இல்லாத பள்ளி அந்தக் கேள்வியைத் தொடவே கூடாது.

கேள்வி (தலைமை ஆசிரியர்): எங்கள் சராசரி நன்றாக இருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?

சராசரியை ஓரம் வையுங்கள். அடிமட்டத்தில் எத்தனை பேர், எந்த வகுப்பு என்று பாருங்கள். அப்புறம், அன்று பள்ளிக்கு வராதவர்கள் யார்? கஷ்டத்தில் இருக்கும் பிள்ளைதான் பெரும்பாலும் வந்திருக்காது.

கேள்வி: எத்தனை நாளைக்கு ஒரு முறை?

வருடத்துக்கு ஒரு முறை போதும், ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில். தேர்வுக்கு முந்தைய வாரத்தையும் விடுமுறை முடிந்த வாரத்தையும் ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும். அடுத்த முறை தாளை நீட்டுவதற்கு முன், போன முறை சொன்னதில் எது நடந்தது என்று மாணவர்களிடம் சொல்லுங்கள். ஒரு பள்ளியில் "பாதுகாப்பாக உணர்கிறாயா" என்ற கேள்விக்கு ஒரே வகுப்புப் பெண்கள் மட்டும் மிகக் குறைவாகப் போட்டிருந்தார்கள். விசாரித்தால், அவர்கள் மாடியில் இருந்த கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. மறுநாளே போட்டார்கள். அடுத்த வருடம் அந்த வகுப்பில் ஒரு தாள்கூட நேர்கோடாக வரவில்லை.