காந்தம் ஒட்டாத கதவு

கேள்வி: அப்பப்பாவின் 1956ஆம் ஆண்டு ரோவர் 90 கார் எங்கள் கொட்டிலில் நிற்கிறது. வாங்க வந்தவர் காந்தம் வைத்துப் பார்த்தார். மட்கார்ட்டில் ஒட்டியது, கதவிலும் பொனட்டிலும் ஒட்டவில்லை. "அடிபட்டு மாத்தின கதவு" என்று பாதி விலைக்குக் கேட்கிறார். உண்மையா? அதோடு, புதுப் பற்றரி போட்ட பிறகு எஞ்சின் ஓடாமல் லைற்றைப் போட்டாலும் அம்மீற்றர் ஊசி சார்ஜ் பக்கம் போகிறது.
– வாசகர், கல்லடி

பதில்: அந்த விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒட்டாததுதான் அசல். இந்த ரோவர் வரிசை 1949இல் வந்தபோது இங்கிலாந்தில் போர் முடிந்த கையோடு உருக்குத் தட்டுப்பாடு, அலுமினியம் அந்தளவு இறுக்கமில்லை, அதனால் கதவு, பொனட், டிக்கி மூடி எல்லாவற்றையும் பேர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையில் செய்து மற்றதை இரும்பில் விட்டார்கள். பழைய லாண்ட் ரோவரின் தகடும் இதேதான். கடைசியாக வந்த 95, 110 மாடல்களில்தான் செலவைக் குறைக்க இரும்புக் கதவு போட்டார்கள். உங்களுடையதில் காந்தம் ஒட்டியிருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்!

ஆனால் கதவு மினுங்குகிறது என்று நம்பி இருந்துவிடவும் வேண்டாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் கல்லடி. உப்புக் காற்று அலுமினியத்தை விட்டுவிட்டுக் கீழே சேசிஸை, அதாவது காரைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை, தின்னும். பின் அச்சுக்கு மேலே வளைந்து போகிற இடத்தை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் கறள் முற்றிவிட்டது, விலையைக் குறைக்க அதுதான் நியாயமான காரணம். இரும்பு ஆணி கதவுத் தகட்டைத் தொடும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், அது இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்து செய்கிற வேலை. பெயின்ற் அடிப்பதானால் அலுமினியத்துக்கென்று உள்ள பிரைமர் கேளுங்கள், சாதாரணமானது உரிந்து வரும்.

சரி, பற்றரி. அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்கள் பலவற்றைப் போல இதிலும் பற்றரியின் பிளஸ் முனைதான் காரின் உலோக உடலில் பூட்டப்படும். இப்போதைய கார் மாதிரி நினைத்து மைனஸைப் பூட்டியிருக்கிறார்கள், அதனால்தான் அம்மீற்றர் ஊசி தலைகீழாகச் சார்ஜ் பக்கம் போகிறது. மாற்றும் வரை எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம், பற்றரியைச் சார்ஜ் பண்ணுகிற டைனமோவும், அதைப் பற்றரியோடு இணைத்துத் துண்டிக்கிற கட்அவுட்டும் கெட்டுப்போகலாம். புது ரேடியோ பூட்டும் ஆசை இருந்தால் அதை விட்டுவிடுங்கள், மைனஸ் உடலில் பூட்டிய கார்களுக்கென்று செய்தது இதில் எரிந்துவிடும்.

டாஷ்போர்டுக்குக் கீழே இழுக்கிற தட்டு ஒன்று இருக்கும், கருவிகள் அதற்குள் அச்சில் பதித்த மாதிரி படுத்திருக்கும். முழுசாக இருந்தால் அதற்குத் தனி விலை கேளுங்கள்.